வாய்க்காலில் தூண்டில் போடுவது: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சின்ன வாய்க்கால்களையும் வயல் தண்ணீரை வாங்கிச் செல்லும் வடிகால்களையும் வைத்து எழுதியது இது. அணைக்கட்டுப் பெருமீனும் கடல் மீனும் இதில் வராது. லீவுக்கு ஊர் வருகிறவர்களும் புதிதாகத் தூண்டில் வாங்கியவர்களும் கேட்கிற கேள்விகளே இதில் அதிகம்.

எந்த மாதம் போனால் மீன் கிடைக்கும்?

மாதத்தை விடுங்கள், மேட்டூரைப் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12 அன்று அணையைத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள். வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்துக் கிடந்தோம். 2023இல் ஜூன் 12 அன்று சரியாகத் திறந்துவிட்டு அக்டோபரிலேயே நிறுத்தினார்கள். மேட்டூரில் விட்ட தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கிளை ஆறுகளில் இறங்கி, வாய்க்காலுக்குள் நுழைந்து, கடைசி வயல்களான கடைமடையைத் தொட இன்னும் பல நாள் பிடிக்கும். ஒரத்தநாட்டில் மீன் கடிக்கிறது என்று கேள்விப்பட்டு அதே நாளில் வேதாரண்யம் பக்கம் போய் உட்கார்ந்தால் காய்ந்த மண்ணைத்தான் பார்ப்பீர்கள்.

தண்ணீர் வந்த பிறகு மூன்று சமயங்கள் நல்லவை. முதலாவது, புதுத்தண்ணீர் வந்து நுரையும் குப்பையும் ஓடி அடங்கிய பிறகு வரும் சில நாட்கள். தண்ணீர் கலங்கித்தான் இருக்கும். ஆனால் கெளுத்தியும் ஆராலும் மோப்பத்தில் இரை தேடுகிற மீன்கள், அவற்றுக்குக் கலங்கல் ஒரு பொருட்டில்லை. இரண்டாவது, முறைப்பாசனம் வைக்கும்போது. வாய்க்காலில் சில நாள் தண்ணீர் விட்டு சில நாள் நிறுத்துவார்கள். நிறுத்திய மறுநாள் மட்டம் இறங்கி, மீனெல்லாம் மதகடிப் பள்ளத்தில் ஒதுங்கும். என்னைக் கேட்டால் வருடத்திலேயே சிறந்த நாட்கள் இவைதான். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிகிற மார்கழி, தை. கெண்டைக்கு ஏற்ற காலம் அது.

அணை மூடிய பிறகும் வேலை இருக்கிறது. வாய்க்கால் அறுபட்டு அங்கங்கே குட்டையாக நிற்கும். விரால் பிடிக்கிறவர்கள் அந்தக் குட்டைகளைத் தேடித்தான் அலைவார்கள்.

நான்கு மாதம் காய்ந்து கிடந்த வாய்க்காலில் மீன் எங்கிருந்து வருகிறது?

பாதி ஆற்றோடு வருகிறது. மேலே இருக்கிற மடுக்களிலும் தடுப்பணைகளிலும் கோடையைக் கழித்த மீன், தண்ணீர் ஓடத் தொடங்கியதும் கீழே இறங்கும். மீதிப் பாதி பக்கத்திலேயே இருந்த மீன். ஊர்க்குளம், செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், வற்றாத வடிகால் என்று எதிலாவது தங்கியிருந்து, மழையில் எல்லாம் ஒன்றாக நிரம்பும்போது வாய்க்காலுக்கு வந்துவிடும். வடிகால் மீன் ஓட்டத்தை எதிர்த்து ஏறி வயலுக்கே போகும். தேங்கிய ஆழமில்லாத தண்ணீரில் முட்டையிடத்தான் அந்த ஏற்றம். முதல் கனமழை இரவில் மடைவாயில் துள்ளுகிற மீன் இப்படி ஏறுவதுதான்.

இன்னொரு வகை உண்டு. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குச் செவுளோடு காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பும் இருக்கிறது. தண்ணீர் சேறாகக் குறுகினாலும் ஈரம் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். பனையேறி ஈரத் தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நகர்ந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். அது உண்மையிலேயே பனை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களிடம் வேலை பார்த்த தால்டார்ஃப் என்ற ராணுவ அதிகாரி, 1791இல் ஒரு குட்டையோரப் பனையில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தானே பிடித்ததாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயச் சங்க வெளியீட்டில் அது அச்சானது. அதற்குப் பிறகு வந்த அறிஞர்கள் பலர் நம்பவில்லை. தரையில் நகர்வதை நானே பார்த்திருக்கிறேன். அது மரத்தில் ஏறுவதைப் பார்த்ததில்லை.

வாய்க்காலில் எந்த இடத்தில் உட்காருவது?

மதகுக்குக் கீழே. தண்ணீர் விழுந்து விழுந்து அங்கே பள்ளம் பறித்திருக்கும். சுழலின் நடுவில் போடாமல், சுழல் அடங்கி ஓரமாகத் தண்ணீர் திரும்பும் இடத்தில் தக்கை (மீன் கடித்தால் காட்டிக் கொடுக்கும் மிதப்பு) நிற்கும்படி போடுங்கள். அடுத்தது வாய்க்கால் வளைவின் வெளிப்பக்கம், அங்கேதான் ஆழம். பாலத்தடி நிழல், சாய்ந்த மூங்கில் குத்து, கரையில் வேரோடிய புங்கமரம் இவையும் நல்லவை. வெங்காயத்தாமரை முழுக்க அடைத்த இடத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம், அதன் ஓரம்தான் விராலுக்கு வீடு.

சிமெண்ட் போட்டு நேராக்கிய வாய்க்கால்களில் மீன் ஒதுங்க இடமே இல்லை. அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள்.

என்னென்ன மீன் மாட்டும்?

தூண்டில்காரருக்கு அன்றாடம் மாட்டுவது கெண்டைக் குடும்பத்துச் சின்ன மீன்கள். வெள்ளி மின்னும், விரல் நீளம், முள் அதிகம். அடுத்தது ஜிலேபி. நம் ஊர் மீன்போல ஆகிவிட்டாலும் ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தாய்மீன் குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். பட்டப்பகலில் வேறெதுவும் கடிக்காதபோதும் ஜிலேபி கடிக்கும், அதனால் பிள்ளைகளுக்கு ஏற்ற மீன்.

சாயங்காலம் கெளுத்தி. மீசை, முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்று. தரையோடு ஊர்கிற ஆரால், பாம்பு மாதிரி நீண்டு மூக்கு கூராக இருக்கும். ருசியில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. மணல் வாய்க்காலில் உளுவை. அயிரை தூண்டிலுக்கு வராது, துணியிலோ கொசுவலையிலோ வாரினால்தான் உண்டு. புழு போட்ட தூண்டில் முள்ளில் அபூர்வமாக விலாங்கு மாட்டும். கரைக்கு வருவதற்குள் நரம்பை, அதாவது தூண்டில் நூலைச் சுருட்டி முடிச்சாக்கிவிடும். ஆறு பக்கமானால் வாளை வரலாம், அதன் பல்லுக்குள் விரலை விடாதீர்கள். ரோகு, கட்லா மாட்டினால் அது பெரும்பாலும் ஏதோ ஒரு குத்தகைக் குளம் உடைந்து வந்தது.

என்ன தூண்டில் வாங்குவது? ரீல் வைத்த ராடு தேவையா?

பத்தடி அகல வாய்க்காலுக்குத் தேவையில்லை. வளையக்கூடிய நீண்ட மூங்கில் கழி, அதே நீளத்துக்கு நரம்பு, ஒரு தக்கை, நெல் அளவு ஈயம், முள். இவ்வளவுதான். முள் எண் பெரிதாக ஆக முள் சிறிதாகும் என்பது புதியவர்களைக் குழப்பும். சின்னக் கெண்டைக்கு 12 அல்லது 14, ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் 8 அல்லது 10. கெண்டைக்குப் போய்ப் பெரிய முள்ளைக் கட்டிவிட்டு, இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகிறதே என்று புலம்புகிறவர்கள்தான் பாதிப் பேர்.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டு நன்றாக இருக்கும், கெண்டை தொட்டாலே காட்டிக் கொடுக்கும். நெட்டிக் குச்சி கிடைத்தால் இன்னும் நல்லது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பயன்படுகிற அதே செடிதான், குளத்தில் முளைப்பது. தெர்மாகோல் உடைந்து வாய்க்கால் முழுக்க மிதக்கும், அதை விட்டுவிடுங்கள்.

இரை?

மண்புழுவை வெல்ல எதுவும் இல்லை. வாழைக்கொல்லை ஈரத்திலும் சாணிக் குப்பை ஓரத்திலும் கிடைக்கும். முழுப் புழுவையும் தொங்கவிடாமல் முள்ளை மூடும் அளவுக்குக் கோத்தால் போதும். கெண்டைக்கு மைதா மாவை இறுக்கமாகப் பிசைந்து மிளகளவு உருட்டி வையுங்கள். கொஞ்சம் கடலைப் பிண்ணாக்குத் தூள் கலந்தால் வாசனைக்கு வரும். முசுறு எறும்பு முட்டை அருமையான இரை, எடுக்கிறவர் கடி வாங்கத் தயாராக இருக்க வேண்டும். கோழிக்குடல் கெளுத்திக்கு ஆகும். ஆனால் மிச்சத்தைக் கரையில் போட்டுவிட்டு வந்தால் அடுத்த நாள் அங்கே நீங்களே உட்கார முடியாது.

விரால் பிடிக்க என்ன வழி?

முதலில் விராலைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அது மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். காலையில் காற்றில்லாத நேரத்தில் கரையில் அசையாமல் நின்றால், வெங்காயத்தாமரை இடுக்கில் ‘பொளக்’ என்று ஒரு சத்தமும் சின்ன வட்டமும் தெரியும். கெண்டை துள்ளினால் தண்ணீர் தெறிக்கும், விரால் மூச்சுவிட்டால் தெறிக்காது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு அது திரும்ப வரும்வரை நிழல் தண்ணீரில் விழாமல் நிற்க வேண்டும்.

ஊரில் பழைய வழக்கம், கரையில் கழியை நட்டு, வெட்டுக்கிளியோ சின்னக் கெண்டையோ தண்ணீர் மட்டத்தில் துடிக்கிற மாதிரி தொங்கவிட்டு வருவது. இப்போது இளைஞர்கள் ரப்பர் தவளையும் ரீல் ராடும் வைத்துப் பிடிக்கிறார்கள், அதுவும் நல்ல வழிதான். ரப்பர் தவளையின் இரண்டு முள்ளும் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் தாமரையில் சிக்காமல் இழுத்து வரலாம். ரீல் ராடு வேண்டும் என்று நான் சொல்கிற ஒரே இடம் இது. விரால் அடித்த சத்தம் கேட்டவுடன் வெடுக்கென்று இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும். அது தவளையை வாயில் கவ்வித் தண்ணீருக்குள் இறங்கட்டும், நரம்பு இறுகியதும் இழுங்கள். வயல் தவளையைப் பிடித்து முள்ளில் கோப்பதை நிறுத்தினால் நல்லது, அது பயிர்ப் பூச்சியைத் தின்கிற பிராணி.

தண்ணீர் மேல் சிவப்பாகக் குஞ்சுக்கூட்டம் கொதிக்கிறது. பக்கத்தில் தூண்டில் போட்டால் பெரிய விரால் உடனே அடிக்கும் என்கிறார்களே?

அடிக்கும், உண்மை. பசிக்காக அடிப்பதில்லை, குஞ்சுக்குக் காவல் நிற்பதால் அடிக்கிறது. விரால் புல்லை விலக்கி இடம் பண்ணி முட்டையிட்டு, குஞ்சு தன்னால் பிழைக்கும்வரை கூடவே திரியும். காவல் மீனைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் அந்தக் கூட்டத்தைப் பொழுது சாய்வதற்குள் தின்று தீர்த்துவிடும். ஒரு விராலுக்காக அடுத்த வருடத்து விரால் அத்தனையையும் கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது. குஞ்சுகள் சிவப்பு மாறிப் பிரிந்து போகிறவரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இதில் எனக்கு வேறு அபிப்பிராயம் கிடையாது, எத்தனை பேர் சண்டைக்கு வந்தாலும்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

ஆறும் பாசன வாய்க்காலும் நீர்வளத்துறை பொறுப்பில் இருப்பவை. ஒற்றைத் தூண்டிலோடு வீட்டுக்குப் பிடிக்கிறவரை எங்கள் பக்கம் யாரும் தடுப்பதில்லை. குளம், ஏரி வேறு கதை. அவை பெரும்பாலும் மீன்பாசி ஏலத்தில், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலத்தில் போயிருக்கும். குஞ்சு வாங்கிவிட்டு வளர்க்கிறவர் குத்தகைதாரர், அவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் திருட்டுதான். குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில், ஜூலை முதல் ஜூன் வரை ஓடும் என்பதால் போன வருடம் சரி என்றவர் இந்த வருடம் குத்தகைதாரராக இல்லாமல் போகலாம். வாய்க்கால் போய்க் குளத்தில் விழுகிற முகத்திலும் கேட்டுவிட்டே உட்காருங்கள்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற பறவைகள் சரணாலயங்களில் கேள்வியே இல்லை, கூடாது. இரண்டும் காவிரித் தண்ணீரில் நிரம்புகிற ஏரிகள், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தவை.

கரண்ட் வைத்துப் பிடிக்கிறார்களே, அது?

குற்றம், முட்டாள்தனமும்கூட. மின்கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் விட்டுப் பிடிக்கப்போய்ச் செத்தவர்கள் டெல்டாவில் உண்டு. குஞ்சு, நண்டு, தவளை, புழு என்று தொட்ட இடத்தில் எல்லாமே போகும். வெடி வைப்பதும் மருந்து கலப்பதும் 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. பிளீச்சிங் பவுடர் கொட்டி வடிகாலில் மீன் பிடிக்கிற கூட்டத்தைப் பார்த்தால் காவல்நிலையத்துக்குச் சொல்லுங்கள். அந்த மீனை யாராவது வாங்கித் தின்னப்போகிறார்கள்.

தேளி குத்திவிட்டது, கை எரிகிறது. என்ன செய்வது?

தேளியின் பக்க முள்ளில் விஷம் உண்டு. உயிருக்கு ஆபத்து அரிது, வலி மட்டும் உயிர் போகிற மாதிரி இருக்கும். குத்திய இடத்தைக் கழுவிவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணி முதல் ஒருமணி நேரம் கையை வைத்திருங்கள். சூடு பொறுக்கிறதா என்று குத்தாத கையால் முதலில் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ ஆஸ்பத்திரி. டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். கெளுத்தி குத்தினாலும் இதேதான். இந்த மீன்களைக் கழற்றும்போது மேலிருந்து துணியால் அமுக்கிப் பிடித்துக் கழற்றினால் குத்து வாங்க வேண்டியதில்லை.

பாம்பு, முதலை பயம் உண்டா?

வாய்க்காலில் நீந்துவது பெரும்பாலும் நீர்க்கோலி, விஷமில்லை, கோபம் மட்டும் அதிகம். பயப்பட வேண்டியது வரப்பிலும் கரைப் புல்லிலும் கிடக்கிற நல்ல பாம்புக்கும் விரியனுக்கும். இருட்டியபின் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், நண்டு வளைக்குள் கையை விடாதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

முதலை சின்ன வாய்க்காலில் பொதுவாக இல்லை. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமும் சிதம்பரம் சுற்றுக் கிராமங்களிலும் உண்டு. அங்கே ஊர்க்காரர்கள் இறங்காத துறையில் நீங்களும் இறங்காதீர்கள்.

பாம்பையும் முதலையையும் விட அதிகமாக ஆளைக் கொல்வது தண்ணீர்தான். தஞ்சாவூரில் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாய் நிறைந்து ஓடும்போது அதன் சரிவுக் கரையில் கால் வழுக்கினால் பிடித்து ஏறக் கைப்பிடி இருக்காது. மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் ஆழம். பிள்ளைகளை அழைத்துப் போனால் மதகுக் கட்டையில் உட்கார வைக்காதீர்கள். மின்கம்பிக்குக் கீழே நீளமான கழியைத் தூக்காதீர்கள், பச்சை மூங்கிலும் கார்பன் ராடும் மின்சாரம் கடத்தும்.

தூண்டிலில் ஆமை மாட்டினால்?

பாலாமை புழுவுக்கு வரும். அது வனவிலங்குச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பில் இருக்கிற உயிர், வீட்டுக்குக் கொண்டுவருவதே குற்றம். முள் வாயோரத்தில் இருந்தால் குறடால் கழற்றுங்கள். ஆழமாக விழுங்கியிருந்தால் இழுக்காமல், நரம்பை முள்ளுக்கு முடிந்தவரை அருகில் வெட்டி விட்டுவிடுங்கள்.

வாய்க்கால் மீனில் சேற்று வாடை அடிக்கிறதே?

சேற்றால் வருவதில்லை. தேங்கிய தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்களும் நீலப்பச்சைப் பாசியும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் ஏறுவதால் வருகிறது. அதனால்தான் ஓடுகிற தண்ணீர் மீனில் குறைவு, கோடைக் குட்டை மீனில் அதிகம். விராலையும் தேளியையும் உயிரோடு நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் குறையும். புளிப்பில் அந்தப் பொருள் சிதையும் என்பதால் நம் புளிக்குழம்பு இதற்குச் சரியான மருந்து. கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, மோரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவினாலும் போகும். விராலுக்கு அடுப்புச் சாம்பல் போட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசினால் வழவழப்பும் செதிலும் ஒன்றாகக் கழன்றுவிடும்.

நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். வயலில் மருந்தடித்த ஓரிரு நாளில் பக்கத்து வடிகாலில் மீன் மயங்கி மிதந்தால் அதை அள்ளிக்கொண்டு வராதீர்கள், அங்கே தூண்டிலும் போடாதீர்கள்.

கறுப்பாகப் பெரிய மீசையோடு ஒரு கெளுத்தி மாட்டியது. திரும்ப விடலாமா?

தலை தட்டையாக, முதுகுத் துடுப்பு வால்வரை ஒரே நீளமாக ஓடினால், இப்போது மாட்டுவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000இலிருந்து இந்தியாவில் வளர்க்கத் தடை உள்ள மீன். ஆனாலும் பண்ணைக் குட்டைகளில் திருட்டுத்தனமாக வளர்த்து, வெள்ளத்தில் தப்பி வாய்க்காலுக்கு வந்துவிட்டது. விரால் குஞ்சு, கெண்டை என்று வாய்க்கு அகப்பட்டதையெல்லாம் விழுங்கும். திரும்ப விடாதீர்கள், வேறு குளத்திலும் விடாதீர்கள். நாட்டுத் தேளிக்கு முதுகுத் துடுப்பு மிகச் சின்னது, அதை வைத்துப் பிரித்தறியலாம்.

உடம்பெல்லாம் முள்ளோட்டோடு வருகிற டேங்க் கிளீனர் மீனுக்கும் இதே பதில்தான். அது நம் தண்ணீருக்கு வந்தது வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலிருந்து. வளர்க்க முடியாமல் போன தொட்டி மீன் உங்களிடம் இருந்தால் வாங்கிய கடையிலேயே கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.